வட திருநெல்வேலித் திருப்பணியும் சபை மக்களின் சாட்சியும்

சிவகாசியை அடுத்துச் சாட்சியாபுரம் என்றோர் ஊர் உண்டு. அவ்வழியே செல்லும்போதெல்லாம் அப்பெயர் நம்மை ஒரு வினாவுக்குள் இழுத்துச் செல்கிறது. கிறிஸ்துவுக்குச் சாட்சி பகர்வது யாருடைய பொறுப்பு? இவ்வினாவை எந்தச் சேகரக் கூட்டத்தில் எழுப்பினாலும், எல்லாருடைய பொறுப்பும்தான் என்ற விடை தயங்காமல் வரும். ஆனால், சென்ற ஆண்டில் அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றினீர்கள் என்று அடுத்து வினவினால், கணக்குப் புத்தகம் நம்முன் வைக்கப்படும். மிஷனெரிப் பணிக்கு இவ்வளவு காணிக்கை அனுப்பினோம், ஓர் ஊழியரைத் தாங்குகிறோம், விற்பனை விழாவில் இவ்வளவு சேர்ந்தது என்பர். அவை யாவும் நன்றே. ஆயினும் கேட்ட வினாவுக்கு அது விடையாகாது என்பதை நாம் உணருகிறோம்.

நாவின் பொறுப்பு எப்போது பணப்பையின் பொறுப்பாக மாறிற்று? இதனை ஆராய்வதற்கு நாம் வேறு நாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் நிலப்பகுதியிலேயே, ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளிக்குள், இவ்வினாவுக்கு இருவேறு விடைகள் செயல் வடிவில் அளிக்கப்பட்டன. அவ்விரண்டையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தெற்கில் விளைந்தது எவ்வாறு?

முதற்கண் தென் திருநெல்வேலியின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் தகும். பாளையங்கோட்டையில் சபை தோன்றியதற்கு ஒரு விதவைத் தாயாரே காரணர். மராட்டியப் பிராமணக் குலத்தவரான குளோரிந்தா அம்மையார் 1778-ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1780-ஆம் ஆண்டின் சபைப் பதிவேடு நாற்பது பேரின் பெயர்களைத் தருகிறது. அப்போது அங்கே தங்கியிருந்த மிஷனெரி எவரும் இலர். 1785-ல் ஆலயம் எழுந்ததும் அவ்வம்மையாரின் முயற்சியினாலேயே. போதகர் வந்தபின் சபை உண்டாகவில்லை. சபை உண்டானபின்னரே போதகர் வந்தார்.

அடுத்த கட்டமும் இதனையே காட்டுகிறது. தஞ்சையில் கிறிஸ்துவை அறிந்து திருமுழுக்குப் பெற்ற தாவீது சுந்தரானந்தம், தெற்கே தம் சொந்த மக்களிடம் திரும்பி வந்தார். சபையின் பணியாளருக்கு உதவியாக வந்தவர்தாம் எனினும், அவருக்குத் திறந்த வாயில்கள் பதவியினால் திறந்தவையல்ல, உறவினால் திறந்தவை. மாமன் வீடும் மைத்துனன் வீடும் அவருக்கு முதல் பிரசங்க மேடைகளாயின. அவ்வாறு விசுவாசித்தோர் தம் ஊர்களில் துன்புறுத்தப்பட்டபோது, அவர்களுக்குப் புகலிடமாக 1799-ல் முதலூர் நிறுவப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் ரேனியஸ் ஐயர் போன்றோர் இவ்வளர்ச்சிக்கு ஒழுங்கும் கல்வியும் அளித்தனர். அவர்தம் பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும் விதை பரவிய வழி யாது என்று கேட்டால், உறவினர் உறவினருக்கும், தொழிலாளி உடன்தொழிலாளிக்கும் சொன்ன சொல்லே என்பது தெளிவு.

இவ்வளர்ச்சியோடு ஒரு மாறுதலும் உடன் வந்தது. சபைகள் பெருகப் பெருக ஊர்தோறும் உபதேசியார் நியமிக்கப்பட்டார். பள்ளியை நடத்துதல், ஜெபம் ஏறெடுத்தல், புறமதத்தவரைச் சந்தித்தல் ஆகிய யாவும் அவர் கடமையாயின. தேவையை முன்னிட்டே இம்முறை எழுந்தது. எனினும், சாட்சி என்பது சம்பளம் பெறும் ஒருவரின் வேலை என்ற எண்ணமும் அதனுடன் மெல்ல வேரூன்றிற்று.

2. கூடாரங்களின் காலம்

தெற்கில் கிறிஸ்தவர் பல்லாயிரவராகப் பெருகிய அந்நாளில், திருநெல்வேலிச் சீமையின் வடபகுதி ஏறக்குறையத் தொடப்படாமலேயே இருந்தது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய ஊர்கள் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910-ல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது இவை அதனுடன் இணைந்தன. 1985-ல் தனி மாவட்டமாயின. பனங்காடும் செம்மண் தேரியும் உடைய தெற்கிற்கும், வானம் பார்த்த கரிசல் நிலமாகிய வடக்கிற்கும் வேறுபாடு மிகுதி. இங்கே பாளையக்காரர்களின் ஜமீன்கள் இருந்தன. தெலுங்கு பேசும் குடிகள் பலர் வாழ்ந்தனர். விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகத்தால் உயர்ந்துவந்த நாடார் சமூகத்தார் தம் உறவின்முறையாலும் மகமையாலும் கட்டுக்கோப்புடன் வாழ்ந்தனர். தெற்கத்திக் கிறிஸ்தவருக்கு இங்கே மாமன் வீடும் இல்லை, மைத்துனன் வீடும் இல்லை.

இந்நிலப்பரப்பின்மீது பாரங்கொண்டவர் தாமஸ் கஜேட்டன் ராக்லண்ட் ஐயர். 1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்த இவர், 1841-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் உறுப்பாசிரியர். சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலராகச் சென்னையில் பணியாற்ற வந்தவர், அலுவலக மேசையை விட்டுக் கூடாரத்தை நாடினார். 1854-ஆம் ஆண்டு முதல், ஃபென், மெடோஸ் என்னும் இளம் ஊழியர் இருவருடன் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சென்று பறைசாற்றும் பணியைத் தொடங்கினார். மாளிகையுமில்லை, நிலையான வளாகமுமில்லை. ஓரிடத்தில் கூடாரம் அடிப்பர். சுற்றியுள்ள சிற்றூர்களைச் சந்திப்பர். பின்னர் அடுத்த இடத்திற்குப் பெயர்வர்.

அவருடைய திட்டத்தில் நம் கவனத்திற்குரிய பகுதி ஒன்று உண்டு. இப்பணியை ஐரோப்பியரின் பணியாக மட்டும் வைக்க அவர் விரும்பவில்லை. தென் திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசிமார்களை முறைவைத்து, ஒரு மாதக் காலத்திற்கு வடக்கே அனுப்பின. அவர்களுடைய செலவைச் சபை மக்களே காணிக்கையால் ஏற்றனர். பனையேறியும் கூலி செய்தும் வாழ்ந்த எளிய மக்கள், தாம் காணாத ஊர்களில் சுவிசேஷம் சொல்லப்படுவதற்காகக் கொடுத்தனர். திரும்பிவந்த உபதேசியார் வடக்கின் செய்தியைத் தம் சபையில் அறிவித்தபோது, அனுப்பிய சபைக்கும் புத்துணர்வு பிறந்திருக்கும் என்று கருத இடமுண்டு. அனுப்பும் திருச்சபையாகத் தமிழ்த் திருச்சபை உருவானதில் இஃது ஒரு மைல்கல்லாகும். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவர்தம் நண்பர்களும் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பினர். அதற்கு அரைநூற்றாண்டு முன்னரே அவ்வழக்கத்தின் வித்து இக்கரிசல் மண்ணில் ஊன்றப்பட்டிருந்தது.

ராக்லண்ட் ஐயர் நெடுநாள் உழைக்கவில்லை. நுரையீரல் நோயால் நலிந்திருந்த அவர், 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், தம் 43-ஆம் அகவையில், சிவகாசியில் இரத்தம் கக்கி உயிர்நீத்தார். பெருந்திரளான மக்கள் சபையில் சேர்வதை அவர் காணவில்லை. யோவான் 12:24-ல் ஆண்டவர் கூறும் கோதுமை மணியின் உவமையே அவருடைய வாழ்வுக்கு வழிகாட்டியாயிருந்தது என அவருடைய சரித்திரத்தை எழுதியோர் குறித்துள்ளனர்.

3. கிறிஸ்தியான்பேட்டை

இதே நிலப்பரப்பில், வத்திராயிருப்பை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வேறொரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. 1810-ல் உக்கிரன்கோட்டையில் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரின் கல்விச்சாலையில் பயின்றவர். 1833-ல் இந்தியாவுக்கு வந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்பாருடன் பயணம் செய்து, அவருடைய கருத்துகளால் ஈர்க்கப்பட்டார். இங்கிலாந்தில் பல் மருத்துவராயிருந்து, தம் செல்வத்தைத் துறந்து பாக்தாதில் ஊழியம் செய்தவர் குரோவ்ஸ். திருநிலைப்பாடு பெற்றவர் மட்டுமே நற்கருணை வழங்கவும் பிரசங்கிக்கவும் வேண்டும் என்பது திருமறையின் கட்டளையன்று என்பது அவர் கொள்கை.

அருளப்பனுக்கு ஒழுங்கான சம்பளம் தர குரோவ்ஸ் முன்வந்தார். அருளப்பனோ அதை ஏற்க மறுத்துவிட்டார். கூலிக்காகப் பேசுகிறான் என்று மக்கள் கருதுவர் என்பதே அவர் கூறிய காரணம். இம்மறுப்பில் அக்கால ஊழிய முறையைப் பற்றிய ஆழ்ந்த திறனாய்வு அடங்கியுள்ளது. உபதேசியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எனினும் கேட்போர் அவருடைய சம்பளத்தை எண்ணிப் பார்க்கின்றனர். சம்பளமில்லாத பக்கத்து வீட்டுக்காரன் சொல்லும்போது அவ்வாறு எண்ண இடமில்லை.

1840-ல் சில குடும்பங்களுடன் அவர் நிலம் பெற்றுக் கிறிஸ்தியான்பேட்டையை அமைத்தார். அங்கிருந்தோர் தம் கைகளால் உழைத்து உண்டனர், ஊழியமும் செய்தனர். 1860-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே ஒரு பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. ஆண்களும் பெண்களும் தம் பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டனர். அதன்பின் அவர்கள் சிறு சிறு குழுக்களாகச் சுற்றுப்புற ஊர்களுக்குப் புறப்பட்டுச் சென்று அறிவித்தனர். எவரும் அவர்களை அனுப்பவில்லை. எவரும் அவர்களுக்குப் படி அளக்கவுமில்லை. பெண்கள் இவ்வாறு வெளியே சென்று பேசியது அக்காலத்தில் எத்துணைப் புதுமை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சர்ச் மிஷனெரி சங்கத்தார் இந்நிகழ்ச்சிகளைக் குறித்து எழுதியவற்றில் வியப்பும் உண்டு, ஐயமும் உண்டு. உணர்ச்சி மிகுந்த சில வெளிப்பாடுகள் அவர்களைக் கலங்கச் செய்தன. எனினும் சபை மக்களிடையே எழுந்த ஆர்வத்தை அவர்களால் மறுக்கக்கூடவில்லை.

1867-ல் அருளப்பன் மறைந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த லாங் என்பவர் 1939-ல் அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கினார். அந்நூல் வெளிவராதிருந்தால் நம்மில் பலர் அவர் பெயரையும் அறிந்திருக்கமாட்டோம்.

4. இரண்டையும் ஒப்பு நோக்கின்

இவ்விரு முயற்சிகளில் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் எளிது. அது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ராக்லண்ட் ஐயரின் முறையில் ஒழுங்கும் தொடர்ச்சியும் இருந்தன. அவர் மறைந்தபின்னும் பணி நின்றுவிடவில்லை. சபைகளும் பள்ளிகளும் காலப்போக்கில் எழுந்தன. சமுதாயத்தில் ஒடுக்கப்பட்டிருந்த மக்கள் பலர் இச்சபைகளில் தம் மாண்பைக் கண்டனர். ஆனால் அம்முறைக்கு ஓர் எல்லையும் இருந்தது. ஒரு மாதம் வந்து திரும்பும் உபதேசியார் எவ்வளவு வாஞ்சையுள்ளவராயினும் விருந்தினரே. அவர் சொன்னதைக் கேட்டவர், மறுநாள் ஐயம் எழுந்தால் யாரிடம் சென்று கேட்பார்? மேலும், கொடுத்த சபையார் தாம் கொடுத்ததனால் கடமை முடிந்தது என்று அமைதி கொள்ளவும் அதில் வாய்ப்பிருந்தது.

அருளப்பனின் முறையில் இக்குறை இல்லை. அங்கே சாட்சி பகர்ந்தவர் ஊராரே. ஆயினும், எழுப்புதலின் வெம்மை தணிந்தபின் அதனைக் காத்து வளர்க்கும் கட்டமைப்பு போதுமான அளவில் இல்லை. போதனையால் நிலைநிறுத்தப்படாத சாட்சி நெடுநாள் நில்லாது.

ஆகவே, ஆயர் வேண்டுமா, சபை மக்கள் வேண்டுமா என்பதன்று வினா. ஆயர் எதற்காக இருக்கிறார் என்பதே வினா. எபேசியர் 4:11, 12 வசனங்களின்படி மேய்ப்பரும் போதகரும் அளிக்கப்பட்டிருப்பது, பரிசுத்தவான்களை ஊழியத்திற்கு ஆயத்தப்படுத்தும்பொருட்டே. ஊழியத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும்பொருட்டன்று. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் சிதறடிக்கப்பட்டுச் சென்று அறிவித்தவர் யாவர்? அப்போஸ்தலர் எருசலேமிலேயே தங்கிவிட்டனர் என்று லூக்கா தெளிவாகக் குறிக்கிறார். அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியவரின் பெயர்களைக்கூட அவர் எழுதி வைக்கவில்லை. பர்னபா பின்னர் வந்தார், கண்டு மகிழ்ந்தார், அவர்களைத் திடப்படுத்தினார். ஆயருக்குரிய இடம் பர்னபாவின் இடமே.

இவ்வுண்மையை உலகத் திருச்சபை பல சூழ்நிலைகளில் மீண்டும் மீண்டும் கண்டறிந்துள்ளது. 1890-ல் கொரியாவுக்குச் சென்ற நீவியஸ், புதிய விசுவாசி தன் தொழிலையும் ஊரையும் விடாமல் அங்கேயே சாட்சியாக வாழவேண்டும் என்று போதித்தார். 1958-ல் ஹென்றிக் கிரேமர் பொதுநிலையினரின் இறையியலைப் பற்றித் தனி நூலே எழுதினார். நம் அசரியாப் பேராயரோ இதனை வழிபாட்டிலேயே இணைத்துவிட்டார். தோர்ணக்கலில் திருமுழுக்குப் பெற்றோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவியாவிடில் எனக்கு ஐயோ என்னும் பொருள்பட, 1 கொரிந்தியர் 9:16-இன் சொற்களை அறிக்கையிட்டனர். அங்கே திருமுழுக்கே ஒவ்வொரு விசுவாசிக்கும் திருநிலைப்பாடாயிற்று.

5. பிடி அரிசி தரும் பாடம்

விருதுநகரில் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. அது திருச்சபைக்கு வெளியே உள்ளது. காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசியால் தாங்கப்பட்ட பள்ளி என்று அவ்வூரார் இன்றும் பெருமையுடன் கூறுவர். உலை வைக்கும்போது ஒவ்வொரு தாயும் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தாள். வசதியுள்ளவரும் வசதியற்றவரும் அவ்வொரு பிடியில் சமமாயினர். ஒருவர் மீது முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு மற்றவர் ஓய்ந்திருக்கவில்லை.

நம் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. அரிசியைப் பகிர்ந்தளிக்கக் கற்றுக்கொண்ட நாம், சொல்லைப் பகிர்ந்தளிக்க ஏன் கற்றுக்கொள்ளவில்லை? நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் அதே தாயார், தாம் விசுவாசிக்கும் ஆண்டவரைப் பற்றி அண்டை வீட்டாருக்கு ஒரு சொல் சொல்லக் கூசுவது ஏன்? அவர் கற்றது போதாது என்று நாமே அவரை நம்பச் செய்துவிட்டோம் என்று அஞ்சுகிறோம்.

6. பட்டாசுத் தொழிலின் நடுவே

1923-ல் தீப்பெட்டித் தொழிலுடன் சிவகாசியின் முகம் மாறத் தொடங்கியது. பின்னர் பட்டாசும் அச்சும் சேர்ந்தன. இன்று விடியற்காலையில் ஆலை வேன்கள் சிற்றூர்தோறும் வந்து ஆண்களையும் பெண்களையும் ஏற்றிச் செல்கின்றன. அவ்வேனில் நம் சபையாரும் உளர். பிற சமயத்தவரும் உளர். ராக்லண்ட் ஐயர் கூடாரமிட்டுத் தேடிச்சென்ற மக்களின் சந்ததியாரோடு, நம் மக்கள் நாள் முழுதும் ஒரே அறையில் காகிதக் குழாய் சுற்றுகின்றனர். இத்தகைய வாய்ப்பு அவருக்கு என்றும் கிட்டியதில்லை.

இத்தொழிலின் இடர் யாவரும் அறிந்ததே. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோரும் வெடிவிபத்துகளில் மாண்டனர். நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுவது தகும். இப்பகுதியில் நாம் ஆயராயிருந்த காலத்தில், ஒரு விபத்தில் தீக்காயமுற்ற பெண்ணொருவரைக் காண மருத்துவமனைக்குச் சென்றோம். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். நம் சபைப் பெண் ஒருவரின் உடன்தொழிலாளி. நாம் ஜெபித்தோம், ஆறுதல் கூறினோம், அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். வேறு அலுவல்கள் காத்திருந்தன. நம் சபைப் பெண்ணோ தம் கூலியை இழந்து, நாட்கணக்கில் அவ்வறையின் வாயிலில் இருந்தார். கஞ்சி கொண்டுவந்தார், அப்பெண்ணின் பிள்ளைகளைத் தம் வீட்டில் உறங்கச் செய்தார். கிறிஸ்துவைப் பற்றி அவராக ஒன்றும் பேசவில்லை. ஒரு நாள் நோயாளியின் தாயார், எங்களுக்காக நீ ஏனம்மா இத்தனைப் பாடுபடுகிறாய் என்று கேட்டார். அப்போதுதான் அவர் சில சொற்களில் விடை கூறினார். அவை யாவை என்று நம்மிடம் சொல்லவும் அவர் கூச்சப்பட்டார்.

அக்குடும்பத்தார் சபையில் சேரவில்லை. அதனால் அச்சாட்சி வீணாயிற்று என நாம் எண்ணவில்லை. ஆனால் நம் மனச்சாட்சி நம்மைக் குத்திற்று. அந்த ஞாயிறு நாம் நற்செய்திப் பணியைக் குறித்துப் பிரசங்கித்தோம். அவர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யார் யாருக்குப் போதித்திருக்க வேண்டும்?

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. பிறருடைய துயரத்தை நம் கூட்டத்தைப் பெருக்கும் தருணமாக்கிக் கொள்ளுதல் சாட்சியாகாது. உதவியைக் காட்டி ஈர்த்தலும், அச்சுறுத்தலும், பிறர் சமயத்தை இழித்துரைத்தலும் சிலுவையின் வழியல்ல. 1 பேதுரு 3:15 இரண்டையும் ஒருங்கே கேட்கிறது: வினவுவோருக்கு விடை கூற ஆயத்தமும் வேண்டும், சாந்தமும் வணக்கமும் வேண்டும். வினவத் தூண்டும் வாழ்வு முதலில் இருத்தல் வேண்டும் என்பதும் அதில் அடங்கியுள்ளது.

7. ஆயர்களாகிய நாம் செய்யத்தக்கவை

முதலாவது, திடப்படுத்தல் ஆராதனைக்கு ஆயத்தமாகும் இளைஞருக்கு விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாது, தாம் ஏன் விசுவாசிக்கிறோம் என்பதை வீட்டு மொழியில் சொல்லப் பழக்குவோமாக. பிரசங்க நடையில் ஒருவரும் அண்டை வீட்டாரோடு பேசுவதில்லை.

இரண்டாவது, சபை மக்கள் தம் தொழிலிடத்தில் காண்பவற்றைச் சொல்வதற்கு இடமளிப்போமாக. ஆலையிலும் கடையிலும் அச்சகத்திலும் அவர்கள் எதிர்கொள்ளும் வினாக்களை நாம் அறியாதிருக்கிறோம். வாரத்தில் ஒரு மாலை நாம் பேசாமல் கேட்போமாயின், நம் பிரசங்கமும் திருந்தும்.

மூன்றாவது, உடன்தொழிலாளியின் உயிருக்காகவும் நியாயமான கூலிக்காகவும் குரல் கொடுக்கும் சபையாரை, உலகக் காரியங்களில் ஈடுபடுகிறார் என்று ஒதுக்காதிருப்போமாக. அண்டையானின் உடலைப் பற்றிக் கவலைகொள்ளாதவன் அவன் ஆன்மாவைப் பற்றிப் பேசினால் எவர் செவிகொடுப்பர்?

நான்காவது, மிஷனெரிக் காணிக்கையை நிறுத்த வேண்டியதில்லை. பனையேறிகள் அன்று கொடுத்த காணிக்கையின் புண்ணியத்தை இப்பகுதிச் சபைகள் இன்றும் அனுபவிக்கின்றன. ஆனால் காணிக்கை பெறும்போதெல்லாம், இது உங்கள் சாட்சிக்குத் துணையேயன்றி அதற்கு ஈடல்ல என்று சொல்வோமாக.

ராக்லண்ட் ஐயரும் அருளப்பனும் ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில் உழைத்தனர். ஒருவர் அனுப்பக் கற்பித்தார். மற்றவர் செல்லக் கற்பித்தார். இரண்டையும் ஒன்றாகக் கற்றிருந்தால் இந்நிலத்தின் திருச்சபை வரலாறு வேறாயிருந்திருக்கும். அப்பாடத்தைக் கற்க இன்னும் காலம் கடந்துவிடவில்லை. நாளை விடியலில் ஆலை வேன் வந்து நிற்கும். அதில் ஏறப்போகும் நம் சபையாரை ஆயத்தப்படுத்துவதே நமக்கு அளிக்கப்பட்ட பணி.